ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர், நான்கு எண்: எங்கள் பதிவுகளைச் சீர்செய்ய வழி சொல்லுங்கள்

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். கடலூர் கடற்கரையோரம் ஒன்பது இடங்களில் எங்கள் தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்கான மையம் நடத்துகிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துணவு, மாதம் ஒருமுறை எடை, உயரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம். பதிவுகளுக்கு நான் பொறுப்பு.

போன ஆடியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஒரு பெண் குழந்தை. 21 மாதத்தில் எடை 8.8 கிலோ. அடுத்த மாதம் 8.8. அதற்கடுத்த மாதம் 8.7. 24 மாதத்தில் 8.7. நான்கு மாதமும் டீச்சர் நோட்டில் ஒழுங்காக எழுதியிருக்கிறார், நானும் எக்செலில் ஏற்றியிருக்கிறேன். மாத அறிக்கையில் ‘எடை எடுக்கப்பட்ட பிள்ளைகள் 97 சதவீதம்’ என்று போய், பாராட்டுக் கடிதமும் வந்தது. அந்தப் பிள்ளையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தடுப்பூசிக்கு வந்த நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு எடை என்னம்மா?” என்று கேட்ட பிறகுதான் வளர்ச்சி அட்டையை எடுத்தோம். 21 மாதப் பெண் குழந்தைக்கு அட்டையின் எச்சரிக்கைக் கோடு 8.6 கிலோவில் இருக்கிறது. 24 மாதத்தில் அதே கோடு 9.0. பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள், கோடு அவளைத் தாண்டி மேலே போய்விட்டது. நான் எண்களை வரிசையாகப் பார்த்தேன், ‘பெரிய மாற்றம் இல்லை’ என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

இன்னொன்று. அவள் பெயரே எங்களிடம் மூன்று விதமாக இருந்தது. உண்மைப் பெயர் வேண்டாம். தனலட்சுமி, தனலெட்சுமி, தனலக்ஷ்மி என்கிற மாதிரி. தடுப்பூசி அட்டையில் அம்மா பெயரைப் போட்டு அவருடைய ‘பேபி’ என்று இருக்கிறது. எங்கள் எண் ஒன்று, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தருவது) ஒன்று, அங்கன்வாடியில் ஒன்று, ஆதார் ஒன்று. ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

புது செயலி வாங்கலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு நடக்கிறது. வாங்குவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

---

வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை):

தம்பி, நான் அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தென்னாற்காடு மாவட்டமாக இருந்தபோதே வேலைக்கு வந்தேன். செயலி பேச்சைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள். முதலில் ஒரு மையத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒரே பிள்ளையின் பிறந்த தேதியை டீச்சர் எத்தனை இடத்தில் எழுதுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவேடு, எடைப் பதிவேடு, உணவுப் பதிவேடு, கணக்கெடுப்பு நோட்டு, உங்கள் தனிப் படிவம், யாராவது பார்வையிட வந்தால் காட்டுவதற்கு ஒரு சார்ட். ஆறு இடத்தில் எழுதினால் ஒரு இடத்தில் பிசகத்தான் செய்யும். அதற்கு டீச்சரைக் கோபிப்பதில் அர்த்தமில்லை.

1975 அக்டோபர் 2ஆம் தேதி ஐசிடிஎஸ் (அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) தொடங்கிய காலத்திலிருந்து பதிவேடு கூடிக்கொண்டே வந்ததே தவிர, எடுத்துவிட்ட பதிவேடு குறைவு. 2021 மார்ச்சில் அங்கன்வாடிகளுக்கான போஷன் டிராக்கர் செயலி வந்தபோது போனில் ஏற்றினால் போதும் என்று நினைத்தோம். என் வட்டத்தில் ரொம்ப நாள் போனிலும் ஏற்றி, நோட்டிலும் எழுதினார்கள். வீட்டு வேலை முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு சிக்னல் கிடைக்கிற மொட்டைமாடியில் நின்று ஏற்றிய பணியாளர்களை எனக்குத் தெரியும்.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எல்லோருக்கும் உணவு என்று இல்லாமல், எடை ஏறாமல் நிற்கிற பிள்ளை எது என்று கண்டுபிடித்து, அந்தப் பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் சத்துணவு. தேறினால் நிறுத்துவார்கள். எடை எழுதின பணியாளரே அன்றைக்கே அட்டையைப் பார்த்து முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் அந்த எண்தான் அடுத்த நாள் யாருக்குச் சோறு என்பதைச் சொல்லும். உங்கள் மையத்தில் எண் எழுதியதும் அலுவலகத்துக்குப் போகிறது. டீச்சர் கைக்குத் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் பிள்ளை தவறிப்போனது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

பாகூர்_ஏரி (புதுச்சேரி):

அண்ணே, நான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு அமைப்பில் களப்பணி செய்கிறேன். எண் பிரச்சினை உங்களுக்கு ஒரு மடங்கு என்றால் எங்களுக்கு இரண்டு மடங்கு. முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு, திரும்பி வந்தால் புதுச்சேரி. அம்மா இருப்பது ரெட்டிச்சாவடிப் பக்கம், பிரசவம் ஜிப்மரில், பிறப்புச் சான்றிதழ் புதுச்சேரியில், தலைப்பிரசவம் என்பதால் மூன்று நாலு மாதம் தாய்வீடு, அந்தத் தாய்வீடு பாகூரில். அந்த நாலு மாதத்தில் பிள்ளைக்கு எடை பார்த்தது யார்? இரண்டு பக்கமும் ‘அவங்க பார்த்திருப்பாங்க’ என்று இருந்துவிடுகிறார்கள். முதல் ஆறு மாதம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் கிளம்புகிற குடும்பங்களும் இப்படித்தான். பெயரை ‘இடம்பெயர்ந்தார்’ என்று அடித்துவிடுவோம். ஆனி ஆடியில் திரும்பி வரும்போது புதுப் பிள்ளையாகப் பதிவோம், பழைய எடை எல்லாம் போச்சு. எங்கள் கோப்பில் ஒரு பையன் நான்கு முறை ‘புதிதாகச் சேர்ந்தான்’.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பிள்ளைக்கு எங்களுடைய எண் ஒன்றே ஒன்று. ஊர், வருடம் எதுவும் அந்த எண்ணுக்குள் கிடையாது, ஏனென்றால் ஊர் மாறும். மற்ற எண்கள் எல்லாம் பக்கத்துக் கட்டங்கள். இருந்தால் எழுதுவோம், இல்லாவிட்டால் காலியாக விடுவோம். ஒரு சின்ன அட்டையில் அந்த எண்ணும் கடைசி மூன்று எடையும் எழுதி அம்மாவிடமே கொடுத்துவிடுகிறோம். ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்கிறார்கள். சூளைக்குப் போனாலும் அட்டை கூடப் போகிறது.

ஆதாரை முதன்மை எண்ணாக வைக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் எடுக்கிற நீல நிற ஆதாரில் பிள்ளையின் கைரேகை கிடையாது, ஐந்து வயதிலும் பதினைந்திலும் மறுபடி புதுப்பிக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுக்கவே இல்லை. ஆதார் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்கு எந்தப் பலனையும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. படிவத்தில் அதைக் கட்டாயக் கட்டமாக வைத்தால், எண் இல்லாத பிள்ளைக்குக் களப்பணியாளர் பன்னிரண்டு சைபர் போட்டுவிடுவார். எங்களிடம் அப்படி இருந்தது.

---

தறியும்_நிரலும் (புதுச்சேரி):

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வார இறுதியில் இரண்டு அமைப்புகளுக்குக் கோப்புகளைச் சீர்செய்து கொடுக்கிறேன். பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் இது.

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பெயர்களைக் கணினி வேறு வேறு என்று சொல்லும். ‘கொ’ என்பதை ஒரு விசைப்பலகை ஒற்றைக் குறியாகப் பதியும், இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பதியும். திரையில் ‘கோமதி’ ‘கோமதி’தான், உள்ளே எழுத்து எண்ணிக்கை வேறு. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம், அதற்கு இரண்டு குறியீட்டு வழிகள் உண்டு. எனவே ஒப்பிடும் முன் யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) செய்ய வேண்டும், எக்செல் தானாகச் செய்யாது. ஸ்ரீயை இயல்பாக்கமும் சரிசெய்யாது, அதைத் தேடி மாற்றியாக வேண்டும். அதோடு பழைய வானவில், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மாற்றாமல் ஒட்டினால் பெயர் இருக்கிற இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை நிற்கும்.

அடுத்து முதலெழுத்து. முதலெழுத்தைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். அப்பாவின் எழுத்தா, சில வீடுகளில் அம்மாவின் எழுத்தும் சேர்ந்ததா, முன்னால் வருமா பின்னால் வருமா என்று ஒரே கட்டத்தில் போராட வேண்டியதில்லை. பெயரை வைத்து மட்டும் பிள்ளையை அடையாளம் காணாதீர்கள். அம்மா பெயர், பிறந்த தேதி, மையம் மூன்றும் ஒத்து, பெயர் நெருக்கமாக இருந்தால் ‘சந்தேக ஜோடி’ என்று பட்டியல் எடுங்கள். ண-ன-ந, ல-ள-ழ, ர-ற, லட்சுமி-லெட்சுமி-லக்ஷ்மி இவற்றை ஒன்றாகக் கருதி ஒப்பிட்டால் பெரும்பாலானவை சிக்கும். இரண்டு வரிகளை இணைப்பதா வேண்டாமா என்பதை அந்த டீச்சர்தான் சொல்ல வேண்டும், நிரல் சொல்லக்கூடாது.

வயது என்று ஒரு கட்டம் வைத்திருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். வயது நாளைக்கு மாறும். பிறந்த தேதி போதும், மற்றதைக் கணக்கிடலாம். தேதியில் 03/04/2023 என்பது ஏப்ரல் மூன்றா மார்ச் நாலா என்பது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு மாதம் தப்பினால் கெடிலக்கரை சொன்ன அந்தக் கோடே இடம் மாறிவிடும். நாள், மாதம், வருடம் மூன்று தனிக் கட்டங்களாக வாங்குங்கள்.

ஒவ்வொரு எடைக்கும் ஒரு தனி வரி. உங்கள் எக்செலில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகிறது என்று நினைக்கிறேன். அதைக் கீழ்நோக்கித் திருப்புங்கள்: பிள்ளை எண், தேதி, எடை, உயரம், அளந்தவர். எடுக்காவிட்டால் காலி. சைபர் போடக்கூடாது. ‘ஊரில் இல்லை’ என்பதற்குத் தனிக் குறி.

செயலி என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஓடிகே (ODK), கோபோடூல்பாக்ஸ் (KoboToolbox) என்று போனில் படிவம் நிரப்புகிற கருவிகள் உண்டு. இரண்டும் சிக்னல் இல்லாமல் வேலை செய்யும், படிவத்தைத் தமிழிலேயே போடலாம். முன்மாத எடையைப் படிவத்துக்குள் கொண்டுவரலாம், அதனால் டீச்சர் 8.7 என்று அடித்ததும் ‘போன மாதமும் 8.7, ஏறவில்லை’ என்று அங்கேயே காட்டும்.

---

வெள்ளாற்றங்கரை:

தறியும்_நிரலும் தம்பி சொன்ன கடைசி வரி நல்ல வரி. ஆனால் அளவே தப்பாக இருந்தால்? உங்கள் கோப்பில் எடைகளின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். .0, .5 என்று குவிந்திருந்தால் யாரோ உத்தேசமாக எழுதியிருக்கிறார்கள். பார்த்து எழுதினால் .0 முதல் .9 வரை ஏறக்குறைய சமமாக வரும். நான் மேற்பார்வைக்குப் போகும்போது முதலில் இதைத்தான் பார்ப்பேன். நோட்டைத் திறந்து அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தராசு சரியா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பக்கத்து மளிகைக்கடையில் ஐந்து கிலோ படிக்கல்லை வாங்கி எடை நாளில் முதலில் அதை நிறுத்துப் பாருங்கள். 5.0 வராவிட்டால் அன்றைக்கு எடை எடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், மேலே நிற்கவைத்து உயரம். மாற்றிச் செய்தால் ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், எப்படி அளந்தார்கள் என்று ஒரு டிக் போடுகிற இடம் வையுங்கள். புயல், மழை, தராசு கெட்டுப்போன மாதங்களில் மேற்கையின் நடுப்பகுதியை (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே) நாடாவால் சுற்றளவு அளந்தாலே போதும்: 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அதே நாடா.

---

சிங்காரத்தோப்பு_அலை (கடலூர்):

எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து. நன்கொடையாளர் அறிக்கையைப் பற்றி எல்லோரும் சலித்துக்கொள்கிறீர்கள். அந்த மொத்த எண்கள் இல்லாவிட்டால் மையமே நடக்காது. நான் அந்த அறிக்கைகளைத் தயாரிக்கிறவன். சதவீதம் 70 ஆக இறங்கினால் நிதியைக் குறைப்பார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போனை மட்டும் நம்பாதீர்கள், காகிதத்தை மட்டும் நம்புவதும் கூடாது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் மையத்து ஓடு பறந்து நோட்டுகள் எல்லாம் கூழாகிவிட்டன. யார் யார் பிள்ளைகள், யாருக்கு என்ன தடுப்பூசி என்று மனப்பாடமாகச் சொன்னது உதவியாளர் அக்கா ஒருவர்தான். 2015 வெள்ளத்தில் கணினி போனது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது தயாராக இருந்தோம், ஒரு பிரதி வேறு ஊரில் இருந்தது, முகாமுக்குப் போகும்போது பிள்ளைகள் பட்டியல் கையில் இருந்தது.

---

வெள்ளாற்றங்கரை:

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் 97 சதவீதம் வேண்டும் என்று மேலிருந்து சொன்னால் 97 சதவீதம் வரும், ஊரில் இல்லாத பிள்ளைக்கும் எடை வரும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கண்டித்தும் இருக்கிறேன். பிறகுதான் தோன்றியது, கண்டிக்க வேண்டியது இலக்கைப் போட்டவர்களை. ‘எடை ஏறாத பிள்ளைகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் பத்து நாளுக்குள் போனோம்’ என்று அறிக்கையில் ஒரு வரி சேருங்கள். நன்கொடை கொடுப்பவர்களிலும் பிள்ளை பெற்றவர்கள் உண்டு, அவர்களுக்கு அது புரியும்.

---

உப்பனாற்று_ஓரம் (கடலூர்):

நான் குழந்தைகள் பாதுகாப்பு வழக்குகளில் வேலை செய்கிற வழக்கறிஞர். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு அமைப்பில் பிள்ளைகள் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அதில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் ‘அப்பா குடிப்பார்’, ‘அம்மா வேறு ஒருவருடன்’, ஒரு பெண் பிள்ளையின் பெயருக்கு நேராக ‘போக்சோ’. அந்தக் குழுவில் 40 பேர். சில நாட்களில் அந்தப் பெண் படிக்கிற பள்ளி வரை செய்தி போய்விட்டது. அவள் பள்ளியை விட்டு நின்றாள். நல்ல எண்ணத்தோடு சேர்த்த தகவல்தான் அது.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2012 போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடத் தடை விதிக்கிறது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது.

எடைப் பதிவும் பாதுகாப்பு வழக்குப் பதிவும் ஒரே கோப்பில் இருக்கவே கூடாது. வழக்கு விவரம் தனியாக, இரண்டு பேருக்கு மேல் திறக்க முடியாதபடி இருக்கட்டும். டீச்சருக்கு வேண்டியதெல்லாம் ‘இந்தப் பிள்ளையைப் பற்றி ஒருங்கிணைப்பாளரிடம் பேசவும்’ என்ற ஒரு குறி. ஆபத்து என்று பட்டால் படிவத்தில் எழுதிக்கொண்டிருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்க வேண்டும் என்பதை எல்லா டீச்சர்களுக்கும் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் அன்றைக்கே மாற வேண்டும்.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும்போது அம்மாவுக்குப் புரிகிற மாதிரி வாயால் சொல்லுங்கள்: எதை எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றாலும் சோறு நிற்காது. மூன்றாவதை விட்டுவிட்டு வாங்குகிற கையெழுத்தை நான் ஒப்புதல் என்று ஏற்க மாட்டேன்.

---

பாகூர்_ஏரி:

வழக்கறிஞர் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மூன்று பட்டியல்களை அழித்தேன். குழுவில் இருந்தவர்களையும் அவரவர் போனில் அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கெடிலக்கரை அண்ணனுக்கு ஒரு யோசனை. கடற்கரை மையங்கள் என்பதால் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் அதற்கு முந்திய இரண்டு மாதமும் பிள்ளைகளின் எடை ஏற்றம் எப்படி என்று தனித்தனியாகப் பாருங்கள். வருமானம் நிற்கிற மாதத்தில் பிள்ளைத் தட்டில் என்ன குறைகிறது என்று உங்கள் கோப்பே சொல்லலாம். வெயில் மாதம் என்பதால் வயிற்றுப்போக்கும் சேர்ந்திருக்கும், அதையும் ஒரு கட்டத்தில் எழுதினால் குழப்பம் வராது.

---

கெடிலக்கரை:

ஆவணியில் எழுதினேன், இப்போது கார்த்திகை. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன்.

வெள்ளாற்றங்கரை அம்மா சொன்னபடி ஒரு மையத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். பிறந்த தேதி ஏழு இடத்தில் இருந்தது. நிர்வாகத்தோடு வாதாடி இரண்டாகக் குறைத்திருக்கிறோம்: டீச்சர் கையில் ஒரு நோட்டு, போனில் ஒரு படிவம். செயலி வாங்கவில்லை. அந்தப் பணத்தில் ஒன்பது மையத்துக்கும் நல்ல தராசு வாங்கினோம். படிக்கல்லும் வாங்கியாயிற்று. சிங்காரத்தோப்பு_அலை சொன்னதற்காக வாரம் ஒரு பிரதி விருத்தாசலத்தில் உள்ள எங்கள் இன்னொரு அலுவலகத்துக்குப் போகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு தாள் அனுப்புகிறேன். ‘பார்க்க வேண்டிய பிள்ளைகள்’ என்று தலைப்பு, நாலைந்து பெயர், எடை ஏறாத மாதங்கள், கீழே காலி இடம். அதில் ஒரு டீச்சர் பென்சிலில் எழுதியிருந்தார்: “அம்மா ஐஸ் கம்பெனிக்குக் காலை நாலு மணிக்குப் போகிறாள். பாட்டிக்குக் கண் தெரியாது. பிள்ளைக்குப் பதினொரு மணிக்குத்தான் முதல் சாப்பாடு.” இப்போது அந்தப் பிள்ளைக்குக் காலை ஏழரைக்கே உதவியாளர் சத்துமாவுக் கஞ்சி கொண்டுபோகிறார். ஆடியில் நான் தவறவிட்ட பெண் பிள்ளை 9.4 ஆகியிருக்கிறாள். இன்னும் கோட்டுக்குக் கீழேதான், ஆனால் கோட்டோடு சேர்ந்து ஏறுகிறாள்.

சந்தேக ஜோடிகள் பட்டியலை டீச்சர்களுக்கு அனுப்பினேன். ஒரே அம்மா, ஒரே பிறந்த தேதி, ஒரே மையம், பெயரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்; நிச்சயம் ஒரே பிள்ளை என்று நானே இணைக்கப் பார்த்த ஒரு ஜோடி. டீச்சர் போன் செய்தார். “சார், அதுங்க ரெட்டைப் புள்ளைங்க. சின்னவன்தான் எடை கம்மி. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்கன்னா அவன் கணக்குலயே இருக்க மாட்டான்.” தறியும்_நிரலும், இதற்கு என்ன செய்வது?

---

தறியும்_நிரலும்:

பிறப்பு வரிசை என்று ஒரு கட்டம் சேருங்கள், முதலாவது பிறந்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2. டீச்சர் ‘வேறு வேறு பிள்ளைகள்’ என்று சொன்ன ஜோடிகளைத் தனிப் பட்டியலாகவும் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் கணினி அதே இரண்டு பேரைக் கொண்டுவந்து நீட்டும். கோப்பை எனக்கு அனுப்புங்கள், ஞாயிறு செய்து தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு எண்களோடு மட்டும் அனுப்புங்கள்.